ஒன்பது மணி நேர லேஓவரில் ஊர் பார்ப்பது எப்படி?

விலை குறைவாக இருக்கிறதே என்று கனெக்டிங் விமானத்தில் டிக்கெட் போட்டுவிடுகிறோம். அதற்கப்புறம்தான் இரண்டு விமானத்துக்கும் நடுவில் கிடக்கும் ஒன்பது மணி நேரம், அதாவது லேஓவர், கண்ணில் படுகிறது. முன்பின் தெரியாத ஒரு பெருநகரத்தின் விமான நிலையத்தில், சார்ஜர் சொருக இடம் தேடிக்கொண்டு, கழுத்து வலிக்க உட்கார்ந்திருக்க வேண்டிய ஒன்பது மணி நேரம். அதற்குப் பதில் வெளியே போய் ஊரைப் பார்த்துவிட்டு வரலாமா? பெரும்பாலும் வரலாம். ஆனால் முதல் தடவை போகிறவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். கையில் ஒன்பது மணி நேரம் இருக்கிறது என்று நம்பிவிடுகிறார்கள்.

நானும் நம்பினேன். முதன்முதலாக அப்படி வெளியே போனபோது நான்கு இடங்களை எழுதி வைத்திருந்தேன். அந்த ஊரைப் பற்றி இன்று எனக்கு நினைவிருப்பது ரயில் நிலையத்து எஸ்கலேட்டர்கள் மட்டும்தான்.

முதல் வேலை: கழித்தல் கணக்கு

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை 8 மணிக்கு வந்து சேருகிறீர்கள், அடுத்த விமானம் மாலை 5 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். கணக்கைப் பின்பக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். 5 மணி விமானத்துக்குப் பொதுவாக நான்கு, நாலேகால் வாக்கிலேயே ஆட்களை ஏற்றத் தொடங்கிவிடுவார்கள். புறப்படுவதற்கு 15, 20 நிமிடம் முன்பே கேட்டை மூடிவிடுவார்கள். ஆகவே 4 மணிக்கு கேட் முன்னால் நிற்க வேண்டும். பாஸ்போர்ட் சோதனை, பாதுகாப்புச் சோதனை, உள்ளே நடக்கும் தூரம் எல்லாவற்றுக்கும் ஒரு மணி நேரம் விடுங்கள். அப்படியானால் 3 மணிக்கு நிலைய வாசலில் இருக்க வேண்டும். எதிர்பாராததற்கு அரை மணி. நகரத்திலிருந்து ரயில், காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து, முக்கால் மணி. ஆக மதியம் 1.45க்கு ஊரை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.

இனி முன்பக்கம். 8 மணிக்கு விமானம் வந்து நின்றாலும் கதவு திறந்து, வரிசையில் இறங்கி, நீண்ட தாழ்வாரங்களில் நடந்து, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்க 9.15 ஆகிவிடும். சுங்கம் தாண்டி, கைப்பையை வைத்துவிட்டு, கழிவறை போய், ரயில் டிக்கெட் எடுக்க இன்னும் அரை மணி. ரயில் முக்கால் மணி. ஊருக்குள் கால் வைக்கும்போது 10.30.

கையில் மிஞ்சுவது மூன்றேகால் மணி நேரம். உட்கார்ந்து ஒருவேளை சாப்பிட முக்கால் மணி என்றால் இரண்டரைதான். ஒன்பது என்பது இரண்டரையாகிவிட்ட இந்த அதிர்ச்சியை வீட்டிலேயே பட்டுவிடுவது நல்லது.

இதிலிருந்து நான் எனக்கென்று வைத்திருக்கும் அளவுகோல் இது: ஆறு மணி நேரத்துக்குக் கீழே இருந்தால் வெளியே போகும் பேச்சே வேண்டாம். ஆறிலிருந்து எட்டு வரை, நகரத்தை ஒட்டியே விமான நிலையம் இருக்கும் ஊர்களில் மட்டும். எட்டுக்கு மேல் பன்னிரண்டு வரை ஒரே ஓர் இடம். அதற்கு மேலே இருந்தால்தான் இரண்டாவது இடத்தைப் பற்றி யோசிக்கலாம். முதல் விமானம் ஒரு மணி தாமதமானால் அந்த ஒரு மணியும் ஊர் பார்க்கும் நேரத்திலிருந்துதான் போகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான், நேரம் குறித்த நுழைவுச்சீட்டு எதையும் முன்கூட்டியே பணம் கட்டி வாங்காதீர்கள் என்கிறேன்.

இரண்டாவது: வெளியே விடுவார்களா?

சட்டத்தின் கண்ணில் வெளியே போவது என்பது அந்த நாட்டுக்குள் நுழைவது. இரண்டு மணி நேரமோ இரண்டு வாரமோ, விதி விதிதான். விசா வேண்டுமா என்பது உங்கள் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது; பக்கத்து வீட்டுக்காரர் போன வருஷம் போய் வந்தார் என்பது சான்றாகாது. அந்த நாட்டின் குடியேற்றத் துறையின் சொந்த இணையதளத்தில், டிக்கெட் வாங்கும் முன் ஒருமுறையும் கிளம்பும் வாரத்தில் இன்னொரு முறையும் பாருங்கள்.

இங்கே சில கண்ணிகள் உண்டு. ‘ட்ரான்சிட் விசா’, அதாவது விமானம் மாறிப் போகிறவர்களுக்கான விசா, என்ற பெயரைக் கேட்டதும் வெளியே போகலாம் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஒரே விசாவில் சுற்றி வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகள் தரும் விமான நிலைய ட்ரான்சிட் விசா, நிலையத்தின் சர்வதேசப் பகுதிக்குள் இருக்க மட்டுமே அனுமதி. அதை வைத்துக்கொண்டு வாசலைத் தாண்ட முடியாது. இதற்கு நேர்மாறாக, ஷெங்கன் விசாவில் பாரிஸ் வழியாக ரோம் போகிறீர்கள் என்றால் நுழைவு முத்திரைச் சடங்கு பாரிஸிலேயே முடிந்துவிடும். வெளியே போவதற்குத் தனியாக எதுவும் தேவையில்லை, நேரம் மட்டும் போதும். அமெரிக்கா இன்னொரு ரகம். அங்கே சும்மா விமானம் மாறுவதற்கும் நுழைவு அனுமதி வேண்டும். எல்லோரும் குடியேற்றச் சோதனையைத் தாண்டியே ஆக வேண்டும். அதனால் அதற்கான நேரம் எப்படியும் செலவாகிவிடுகிறது.

சில நாடுகள் இடையில் தங்குகிறவர்களுக்கென்றே விசா விலக்கு வைத்திருக்கின்றன. அதில் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும். சீனாவின் ட்ரான்சிட் விலக்கு, நீங்கள் மூன்றாவது ஒரு நாட்டுக்கோ பகுதிக்கோ போகிறீர்கள் என்றால்தான் செல்லும். புறப்பட்ட நாட்டுக்கே திரும்புகிறவர்களுக்கு இல்லை. சிங்கப்பூர் இந்தியர் உள்ளிட்ட சில நாட்டவரை 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் அனுமதிக்கிறது, ஆனால் அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற குறிப்பிட்ட நாடுகளில் ஏதாவது ஒன்றின் நடப்பு விசா கையில் இருக்க வேண்டும். அப்போதும் கடைசி முடிவு கவுன்ட்டரில் இருக்கும் அதிகாரியுடையது.

ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். போகும்போதும் வரும்போதும் அதே ஊரில் இறங்குகிறீர்கள் என்றால், போகும்போது வெளியே போய் வந்ததோடு அந்த விசா தீர்ந்தது. எந்தப் பயணத்தில் நேரம் அதிகமோ அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வருகைப் படிவம் இப்போது பல இடங்களில் இணையத்துக்கு மாறிவிட்டது. சிங்கப்பூர், மலேசியா, 2025 மே முதல் தாய்லாந்து ஆகியவற்றில் வெளியே போகிறவர்கள் வருகைக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இதை நிரப்பிவிட வேண்டும். அரசுத் தளங்களில் இது இலவசம். பணம் கேட்கும் தளம் கண்ணில் பட்டால் மூடிவிடுங்கள். ‘எங்கே தங்குகிறீர்கள்’ என்று கேட்டால் தங்கவில்லை, ட்ரான்சிட் என்று தேர்ந்தெடுத்து அடுத்த விமான எண்ணைக் கொடுத்தால் போதும்.

மூன்றாவது: பெட்டி எங்கே இருக்கிறது?

புறப்படும் இடத்திலேயே, பெட்டியின் கைப்பிடியில் ஒட்டும் நீளச் சீட்டைப் பாருங்கள். அதில் உங்கள் கடைசி ஊரின் மூன்றெழுத்துக் குறியீடு இருந்தால் பெட்டி தானாகப் போய்ச் சேரும். நடு ஊரின் குறியீடு இருந்தால் நீங்கள்தான் எடுத்து மறுபடி போட வேண்டும். கவுன்ட்டரில் இருப்பவரிடம் வாய்விட்டுக் கேட்டும்விடுங்கள். இரண்டு விமானத்துக்கும் போர்டிங் பாஸ் அங்கேயே கிடைத்துவிட்டால் திரும்பி வரும்போது ஒரு வரிசை மிச்சம்.

இரண்டு விமானத்தையும் தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தால் கதை வேறு. பெட்டியை எடுத்து, வெளியே வந்து, இரண்டாவது நிறுவனத்தின் கவுன்ட்டர் திறக்கும்வரை காத்திருந்து போட வேண்டியிருக்கும். அந்தக் கவுன்ட்டர் பெரும்பாலும் விமானத்துக்குச் சுமார் மூன்று மணி நேரம் முன்புதான் திறக்கும், ஒரு மணி நேரம் முன்பு மூடிவிடும். ஆகவே பெட்டியை நிலையத்தின் பொருள் காப்பகத்தில் போட்டுவிட்டுத்தான் ஊருக்குள் போக முடியும். காப்பகம் இரவில் எத்தனை மணிக்கு மூடும் என்பதைப் போடும்போதே கேளுங்கள். பெட்டி உள்ளே, நீங்கள் வெளியே, ஷட்டர் நடுவில் என்று ஆகிவிடக் கூடாது.

யாரும் முன்கூட்டியே சொல்லாத ஒரு நஷ்டம் இருக்கிறது: டியூட்டி ஃப்ரீ பாட்டில். புறப்பட்ட இடத்தில் வாங்கிய வாசனைத் திரவியமோ மதுவோ முத்திரையிட்ட பையில் இருக்கும். வெளியே போய்த் திரும்பும்போது மறுபடி பாதுகாப்புச் சோதனை. 100 மில்லிக்கு மேற்பட்ட திரவத்தை அங்கே பல நிலையங்களில் விடமாட்டார்கள். கவுன்ட்டரில் கொடுத்தனுப்பும் பெட்டியில் வைக்கலாமென்றால் பெட்டிதான் ஏற்கெனவே போய்விட்டதே! ஊருக்குள் வாங்கும் தேன், ஜாம், பனி உருண்டை பொம்மை எல்லாவற்றுக்கும் இதே கதி. உள்ளே நுழையும்போது சுங்க விதியும் உங்களுக்குப் பொருந்தும். பழம், இறைச்சி, வலுவான வலி மாத்திரைகள் கைப்பையில் இருந்தால் அந்த நாடு அவற்றை அனுமதிக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

நான்காவது: எங்கே போவது

பெருநகரம் என்றதும் அதன் நடுப்பகுதிதான் மனதில் வரும். கோபுரம், அரண்மனை, அருங்காட்சியகம். நான் தலைகீழாகச் சொல்வேன். வரைபடத்தில் முதலில் விமான நிலையத்தைப் பாருங்கள், பிறகு அதற்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

டோக்கியோவின் நரிட்டா நிலையம் நகர மையத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டோக்கியோவுக்கு ஓடினால் மொத்த நேரமும் ரயிலில் போய்விடும். ஆனால் நிலையத்திலிருந்து பத்து நிமிட ரயிலில் நரிட்டா என்ற ஊரே இருக்கிறது. அங்கே 940ஆம் ஆண்டில் தோன்றியதாகச் சொல்லப்படும் நரிட்டாசான் ஷின்ஷோஜி கோவில், அதற்குப் போகும் வழியெங்கும் மரக்கட்டிடக் கடைகள் நிறைந்த பழைய தெரு, கோவிலுக்குப் பின்னால் பெரிய தோட்டம். ஜப்பானைப் பார்த்த திருப்தி மூன்று மணி நேரத்தில் கிடைத்துவிடும். ஹாங்காங்கிலும் அப்படித்தான். விமான நிலையம் லாண்டாவ் தீவை ஒட்டி இருக்கிறது. அதே தீவின் மலைமேல் 1993இல் முடிக்கப்பட்ட 34 மீட்டர் வெண்கலப் புத்தர் அமர்ந்திருக்கிறார். பக்கத்துத் துங் சுங்கிலிருந்து கேபிள் காரில் சுமார் 25 நிமிடம். காற்று பலமாக வீசினாலும் பராமரிப்பு நடந்தாலும் கேபிள் காரை நிறுத்திவிடுவார்கள், அன்று காலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நகரமே நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் தாராளமாக நடுப்பகுதிக்கே போகலாம். சூரிச்சில் ரயில் ஏறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் மைய நிலையம், அங்கிருந்து ஏரிக்கரை வரை நடந்தே போய்விடலாம். ஆம்ஸ்டர்டாமிலும் கால் மணி நேரம் சொச்சத்தில் கால்வாய்களுக்கு நடுவே நிற்பீர்கள். ஹாங்காங் மையத்துக்கு விரைவு ரயில் 24 நிமிடம்.

கோலாலம்பூரில் இறங்குகிற தமிழர் எல்லோருக்கும் பத்துமலை ஆசை வரும். நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் 28 நிமிடத்தில் நகரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரல். அங்கே இறங்கி, பத்துமலைக்குப் போகும் கொமுட்டர் என்ற புறநகர் ரயிலுக்குக் காத்திருந்து, அதில் இன்னும் அரை மணி போல. பிறகு 272 படிகள். ஒன்பது மணி நேரத்தில் அது ஒன்றையே இலக்காக வைத்தால் நிம்மதியாக நடக்கும். ‘அப்படியே இரட்டைக் கோபுரத்தையும்’ என்று சேர்த்தீர்களோ, இரண்டிலும் ஓட்டமும் நடையும்தான்.

இடத்தைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது இரண்டே விஷயம். விமான நிலைய ரயில் மாறாமல் போய் நிற்கும் இடத்திலிருந்து கால் மணி நடையில் இருக்க வேண்டும். நுழைவுச்சீட்டு வரிசை இருக்கக் கூடாது. ஆற்றங்கரை, பழைய நகரப் பகுதி, சந்தை, துறைமுகம், பூங்கா இவையெல்லாம் எப்போது வேண்டுமானாலும் விட்டுக் கிளம்பக்கூடியவை. அருங்காட்சியகம் என்னைப் பொறுத்தவரை லேஓவருக்கு ஆகாதது. வரிசையில் நின்று, பையைக் கொடுத்து, உள்ளே போய் முதல் கூடத்தைப் பார்ப்பதற்குள் கைக்கடிகாரம் நெஞ்சை அடைக்க வைத்துவிடும். அப்படியும் போவதென்றால் கிழமையைப் பாருங்கள். லூவர் செவ்வாயன்று விடுமுறை, ஐரோப்பாவின் பல அருங்காட்சியகங்கள் திங்களன்று. இஸ்தான்புல்லின் பெரிய பஜார் ஞாயிறன்று திறக்காது. வளைகுடா நகரங்களில் வெள்ளிக்கிழமை பல இடங்கள் மதியத் தொழுகைக்குப் பிறகே திறக்கும். அதே வளைகுடாவில் கோடைக்கால மதியம் 40 டிகிரியைத் தாண்டும். வட ஐரோப்பாவில் டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும்.

இதையெல்லாம் யோசிக்கவே அலுப்பாக இருக்கிறதா? சில இடங்களில் அவர்களே கூட்டிப் போகிறார்கள். சிங்கப்பூர் சாங்கி நிலையம் 5.5 முதல் 24 மணி நேரம் வரை இடைத்தங்கல் உள்ளவர்களுக்கு இரண்டரை மணி நேர இலவசச் சுற்றுலா நடத்துகிறது. டர்கிஷ் ஏர்லைன்ஸ், தன் சர்வதேச விமானங்களுக்கு நடுவே இஸ்தான்புல்லில் 6 முதல் 24 மணி நேரம் காத்திருப்பவர்களுக்கு இலவசமாக ஊரைச் சுற்றிக் காட்டுகிறது. சியோலின் இஞ்சியோன் நிலையத்திலும் ட்ரான்சிட் சுற்றுலா உண்டு. மந்தையோடு போவது போல இருக்கும்தான். ஆனால் முதல் தடவை போகிறவருக்கு, குறிப்பாகப் பெற்றோரையோ குழந்தைகளையோ கூட்டிப் போகிறவருக்கு, நான் இதைத்தான் சொல்வேன். நுழைவு விசா விதிகள் இதற்கும் அப்படியே பொருந்தும்.

ஐந்தாவது: கையில் என்ன இருக்க வேண்டும்

பாஸ்போர்ட், போர்டிங் பாஸ், ஒரு கார்டு, கொஞ்சம் ரொக்கம், பவர் பேங்க். அந்த ஊர் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓட்டலாம். இரண்டு மணி நேரத்துக்காக சிம் கார்டு வரிசையில் நிற்பது வீண். ஈசிம், அதாவது கார்டு இல்லாமல் இணையத்திலேயே இறக்கிக்கொள்ளும் சிம், போடும் வசதி கைப்பேசியில் இருந்தால் போதும். லண்டன், சிங்கப்பூர் போன்ற ஊர்களில் கார்டைத் தட்டியே ரயில் ஏறலாம். இயந்திரம் ‘உங்கள் நாட்டுப் பணத்திலா, உள்ளூர்ப் பணத்திலா’ என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே அழுத்துங்கள், மற்றதில் மாற்று விகிதம் மோசமாக இருக்கும். மாற்றுச் சட்டையும் அந்த ஊர்க் குளிருக்கான மேலாடையும் கவுன்ட்டரில் கொடுத்தனுப்பும் பெட்டியில் அல்ல, கைப்பையில் இருக்க வேண்டும்.

கடிகாரம் தனி விஷயம். ஒருமுறை நான் இறங்கியதும் கைப்பேசியை ஃப்ளைட் மோடிலிருந்து எடுக்க மறந்து, நிலையத்து வைஃபையிலேயே சமாளித்துக்கொண்டிருந்தேன். திரை பழைய ஊரின் நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. ஒரு சதுக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தபோது எதிரே மணிக்கூண்டு அடித்தது. என் கணக்கைவிட ஒரு மணி கூடுதல். அன்றைக்கு எதிர்பாராததற்கென்று வைத்திருந்த அரை மணியும் இன்னொரு அரை மணியும் ரயிலைப் பிடிக்க ஓடியதில் தீர்ந்தன. இப்போதெல்லாம் ஊருக்குள் போய் இறங்கிய உடனே கிளம்ப வேண்டிய நேரத்துக்கு ஓர் அலாரம், அதற்கு இருபது நிமிடம் முன்பு இன்னொன்று.

ஆறாவது: திரும்புதல்

போகும்போது ரயிலில் போனால் வரும்போதும் ரயிலிலேயே வாருங்கள். டாக்சி சொகுசுதான், ஆனால் எந்தப் பெருநகரத்திலும் மாலைப் போக்குவரத்துக்கு உங்கள் விமானத்தைப் பற்றி அக்கறை கிடையாது. போகும்போதே திரும்பும் நடைமேடை எங்கே, வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்று பார்த்துவிடுங்கள். நீங்கள் பிடிக்கத் திட்டமிடும் வண்டி தவறினால் அடுத்ததிலும் போய்விட முடிகிற மாதிரி இருக்க வேண்டும்.

டெர்மினலைச் சரிபாருங்கள். லண்டன் ஹீத்ரோவில் நான்காவது டெர்மினலுக்கும் ஐந்தாவதுக்கும் ரயில் தனித்தனித் தடத்தில் போகிறது. தவறான வண்டியில் ஏறினால் திரும்பி வந்து மாற வேண்டும். அதைவிட மோசம், நிலையமே வேறாக இருப்பது. டோக்கியோவில் நரிட்டாவும் ஹனேடாவும், பாரிஸில் சார்ல் த கோலும் ஓர்லியும், பாங்காக்கில் சுவர்ணபூமியும் டான் மியூவாங்கும் என்று பல ஊர்களில் இரண்டு. மலிவான டிக்கெட்டுகள் ஒன்றில் இறக்கி இன்னொன்றில் ஏற்றுவது உண்டு. அப்படியிருந்தால் உங்கள் ஊர் சுற்றல் அந்த இரண்டுக்கும் இடையிலான பேருந்துதான்.

விமானம் தவறினால் என்ன ஆகும்? ஒரே டிக்கெட்டில் போகும்போது, முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது நிறுவனத்தின் பொறுப்பு. நீங்கள் ஊர் சுற்றிவிட்டுத் தாமதமாக வந்தால் ‘வராதவர்’ கணக்கு. பெரும்பாலான நிறுவனங்களின் விதிப்படி அந்த டிக்கெட்டில் மிச்சமிருக்கும் பயணங்களும், வீடு திரும்பும் பயணம் உட்பட, ரத்தாகிவிடலாம். இதனால்தான் நான் அந்த அரை மணியில் கை வைப்பதில்லை.

போகாமல் இருப்பதும் உண்டு

முதல் விமானம் ஒன்றரை மணி தாமதம், இரவெல்லாம் தூக்கமில்லை, வெளியே கொட்டும் மழை. இப்படி இரண்டு சேர்ந்துவிட்டால் நான் திட்டத்தைக் கைவிட்டுவிடுவேன். கட்டணம் கட்டி ஒரு குளியல், நல்ல சாப்பாடு, இரண்டு மணி நேரத் தூக்கம். இரவு லேஓவரும் அப்படித்தான். நள்ளிரவு முதல் விடியும்வரை பல ஊர்களில் மெட்ரோ ஓடாது, கடைகளும் மூடியிருக்கும். சில நிலையங்களுக்குள்ளேயே பார்க்க ஏதாவது இருக்கும். சாங்கியில் மூன்றாவது டெர்மினலின் ட்ரான்சிட் பகுதியில் பட்டாம்பூச்சித் தோட்டம் இருக்கிறது. படங்களில் எல்லோரும் பார்க்கும் அந்த 40 மீட்டர் உள்ளரங்க அருவி மட்டும் 2019இல் திறந்த ஜுவல் கட்டிடத்தில், குடியேற்றச் சோதனைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதைப் பார்க்கவும் முத்திரை வாங்கித்தான் ஆக வேண்டும்.